கண்டதற்குக் கடன்பட்டவர்: வின்சென்ட் வான்கோவின் கலைத் தெரிவு குறித்து ஒரு திறனாய்வு

1. எழும் வினா

கலையைத் தம் வாழ்க்கைத் தொழிலாக ஒருவர் ஏன் தெரிந்துகொள்கிறார்? மருத்துவம், ஆசிரியப் பணி, வேளாண்மை ஆகியவற்றை மேற்கொள்வோரிடம் நாம் இவ்வினாவை எழுப்புவதில்லை. அவற்றின் பயன் வெளிப்படை. அவற்றுக்குரிய ஊதியமும் ஒருவாறு வரையறுக்கப்பட்டது. ஓவியம் வரையவோ, பாட்டு இயற்றவோ, கதை எழுதவோ தன் முழு நாளையும் ஒதுக்க விழையும் இளைஞனிடம் மட்டும் பெற்றோரும் ஆயரும் ஒருங்கே இதனைக் கேட்கின்றனர். கேட்கும் தொனியிலேயே அவர்கள் எதிர்பார்க்கும் விடையும் அடங்கியிருக்கிறது.

இவ்வினாவுக்கு மூன்று விடைகள் பொதுவாக வழங்கிவருகின்றன. உள்ளத்தில் எரியும் கனலை அடக்க மாட்டாமல் கலைஞன் கலையை நாடுகிறான் என்பது முதலாவது. வேறு தொழில்களில் தோற்றவன் இறுதியில் வந்து ஒதுங்கும் இடமே கலை என்பது இரண்டாவது. சமயத்தில் நம்பிக்கை இழந்தவன் அதன் இருக்கையில் கலையை அமர்த்திக்கொள்கிறான் என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே மனிதரின் வாழ்வுக்கு விளக்கமாகத் திரும்பத் திரும்பக் கூறப்பட்டு வந்துள்ளன. அவர் ஒல்லாந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான்கோ (1853–1890). ஓவியராகுமுன் அவர் நற்செய்திப் பணியாளராக இருந்தவர். அப்பணியில் தொடர இடமளிக்கப்படாதவர். ஆகவே இறையியல் பயில்வோர்க்கு அவர் வரலாறு ஏனைய ஓவியர் வரலாறுகளைக் காட்டிலும் அணுக்கமானது. மேற்கூறிய விடைகள் அவர்திறத்துப் பொருந்துமா என ஆராய்வதும், அவர்தம் கடிதங்களும் ஓவியங்களும் தரும் விடை யாதெனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஓவியராகுமுன்

வின்சென்ட் 1853 மார்ச் 30ஆம் நாள் ஒல்லாந்தின் தென்பகுதியிலுள்ள சுண்டெர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தியோடோரஸ் சீர்திருத்தச் சபையின் போதகர், பாட்டனாரும் போதகரே. சிற்றப்பா பெரிய தந்தை வழியில் ஓவிய வணிகமும் அக்குடும்பத்துக்கு உண்டு. 1869இல், பதினாறாம் வயதில், கூப்பில் என்னும் ஓவிய வணிக நிறுவனத்தின் ஹேக் நகரக் கிளையில் அவர் பணியமர்ந்தார். இலண்டன், பாரிசு கிளைகளிலும் பணியாற்றினார். 1876இல் அப்பணி முடிவுற்றது. பின்னர் இங்கிலாந்தில் சிறுபள்ளிகளில் துணையாசிரியராக இருந்தார். அங்கேதான், 1876 அக்டோபரில், முதன்முறையாகப் பிரசங்க பீடத்தில் ஏறினார். இவ்வுலகில் நாம் பரதேசிகள் என்னும் கருத்தமைந்த 119ஆம் சங்கீத அடியே அவர் எடுத்துக்கொண்ட வசனம்.

1877 மே திங்களில் ஆம்ஸ்டர்டாம் சென்று இறையியல் கல்விக்குரிய நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமானார். இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்த ஆசிரியரிடம், ஏழைகளுக்கு ஆறுதல் அளிக்க விரும்பும் ஒருவனுக்கு இவ்விலக்கணக் கொடுமைகள் உண்மையிலேயே வேண்டுமா என்று அவர் வினவியதாக அவ்வாசிரியரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். இறையியல் மாணவர் பலர் தம் முதலாண்டில் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியே இது. பதினான்கு திங்கள் முயன்றபின் அக்கல்வியைக் கைவிட்டார். அடுத்துப் பிரசல்சு அருகே நற்செய்திப் பணியாளர் பயிற்சிப் பள்ளியில் மூன்று திங்கள் பயின்றார். அங்கும் தொடர்ந்து பயில இடம் கிட்டவில்லை. ஆயினும் 1878 டிசம்பரில் பெல்சியத்தின் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குத் தாமே சென்றார். 1879 தொடக்கத்தில் வாம் என்னும் ஊரில் ஆறு திங்கள் காலத்துக்குத் தற்காலிகப் பணியாளராக அமர்த்தப்பட்டார்.

அங்கு அவர் செய்தவை பலரும் அறிந்தவை. வசதியான அறையை விட்டு ஒரு குடிசையில் வைக்கோல்மீது படுத்தார். உடைகளை ஏழைகளுக்கு ஈந்தார். தீக்காயமுற்றோர்க்கும் நோயுற்றோர்க்கும் இரவு பகலாகப் பணிவிடை செய்தார். 1879 ஏப்ரலில் அப்பகுதிச் சுரங்கமொன்றில் எரிவளி வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே திங்களில் அவர் தம் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதம் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. மார்காஸ் என்னும் சுரங்கத்தில் 700 மீட்டர் ஆழத்துக்குத் தாம் இறங்கிய செய்தியை அதில் விவரிக்கிறார். குறுகிய பொந்துகளில் சிறு விளக்கின் மங்கிய ஒளியில் கரி வெட்டும் தொழிலாளரையும், கரி ஏற்றும் சிறுவர் சிறுமியரையும் கண்டதைக் கூறுகிறார். அடியிலிருந்து அண்ணாந்து நோக்கினால் பகலொளி வானத்து விண்மீன் அளவே தோன்றும் என்கிறார். அங்ஙனம் கூறிவரும்போதே, இக்காட்சியை ஒருவர் ஓவியமாகத் தீட்டுவாராயின் அஃது இதுகாறும் எவரும் கண்டிராத ஒன்றாக இருக்கும் எனவும் குறிப்பிடுகிறார்.

இக்குறிப்பின் காலம் நோக்கத்தக்கது. அப்பொழுது அவர் பணியிலிருந்து நீக்கப்படவில்லை. தோல்வியின் நிழல் இன்னும் விழவில்லை. ஓவியராகும் எண்ணம் இருந்ததாகவும் கடிதத்தில் காணோம். வேறொருவர் செய்யவேண்டிய செயலாகவே அதனைப் பேசுகிறார். காட்சி முந்தியது, தெரிவு பிந்தியது.

3. குழுவின் தீர்ப்பு

1879 சூலையில் அவர் பணியமர்வு நீட்டிக்கப்படவில்லை. பெல்சியப் புராட்டஸ்டண்டு சபைகளின் நற்செய்திப் பணிக் குழு தன் அறிக்கையில் இதற்குக் காரணம் கூறியுள்ளது. நோயுற்றோர்க்கும் காயமுற்றோர்க்கும் அவர் ஆற்றிய தொண்டை அவ்வறிக்கை மறைக்கவில்லை. இரவுகள் கண்விழித்ததையும், தம் உடைகளைக் கொடுத்ததையும் பாராட்டவே செய்கிறது. ஆனால் ஒரு சபையை நடத்துவோர்க்கு இன்றியமையாத பேச்சாற்றல் அவரிடம் இல்லை என்று கூறி முடிக்கிறது.

இக்குழுவை இரக்கமற்ற பரிசேயர் கூட்டமாகச் சித்திரிப்பது வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலரின் வழக்கம். அது நேர்மையான திறனாய்வன்று. சபைக்குப் பிரசங்கம் தேவை. பிரசங்கிக்க இயலாதவரைப் பிரசங்கியாக வைத்திருப்பது சபைக்கும் அவருக்கும் நன்மையன்று. பேச்சுவன்மை பற்றிய குழுவின் மதிப்பீடு சரியாகவே இருந்திருக்கலாம். குறை அம்மதிப்பீட்டில் இல்லை. மதிப்பீட்டுக்குப்பின் அவர்கள் எழுப்பாது விட்ட வினாவில் இருக்கிறது. இவரிடம் எவ்வரம் இல்லை என்று அவர்கள் ஆராய்ந்தனர். எவ்வரம் இருக்கிறது என்று ஆராயவில்லை. அவரது அன்பை வியந்தனர். அவரது கண்ணை அறிந்திலர். நாவினால் ஆற்றும் பணியைத் தவிர வேறு வகைச் சாட்சி உண்டு என்னும் எண்ணமே அவர்தம் விதிமுறைகளில் இடம்பெறவில்லை. புராட்டஸ்டண்டு மரபினராகிய நமக்கு இக்குறை அந்நியமானதன்று. திருவசனத்தைக் கேட்பதையே நடுவாகக் கொண்ட நாம், காண்பதைக் குறித்து ஐயங்கொள்ளப் பழகிவிட்டோம்.

4. 1880ஆம் ஆண்டுக் கடிதங்கள்

பணியிழந்தபின் குவெம் என்னும் அண்டை ஊரில் வின்சென்ட் ஓராண்டுக்கு மேல் தங்கினார். 1879 ஆகத்தில் தியோ வந்து கண்டார். வணிகச் சீட்டுகளுக்குத் தலைப்பெழுத்துப் பொறித்தல், கணக்கெழுதுதல், தச்சு, அடுமனைத் தொழில் எனப் பல பிழைப்பு வழிகள் அக்காலத்தில் அவருக்கு எடுத்துரைக்கப்பட்டன. அண்ணன் தம்பியரிடையே மனத்தாங்கல் நேர்ந்தது. கடிதப் போக்குவரத்து பல திங்கள் தடைப்பட்டது. 1880 கோடையில் தியோ அனுப்பிய 50 பிராங்கு பணமே மீண்டும் அவரை எழுதச் செய்தது.

நன்றியறிதலோடு தொடங்கும் அந்நெடுங்கடிதத்தில் அவர் தம்மைக் கூண்டுப் பறவைக்கு ஒப்பிடுகிறார். பருவம் வந்ததும் வெளியே ஏதோ ஒரு பணி தனக்கு உண்டென அப்பறவை உணர்கிறது. அஃது யாதெனத் தெளிவில்லை. கம்பிகளில் தலையை மோதிக்கொள்கிறது. பிறருக்குத் தாம் எவ்வாறு பயன்படக்கூடும் என்பதே அக்கடிதம் முழுவதும் ஒலிக்கும் கேள்வி. தம் திறமையை எவ்வாறு வெளிப்படுத்துவது என்ற கவலையை அங்கே காண்கிலோம்.

அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் எழுதிய கடிதமே தெரிவை வெளியிடுகிறது. அதற்கு முந்திய குளிர்காலத்தில், 10 பிராங்கு மட்டும் கையிற்கொண்டு, குரியேர் என்னும் ஊரிலுள்ள ஓவியர் ஜூல் பிரெதோனின் ஓவியக்கூடத்தைக் காண நடந்தே சென்றார். புதிதாகச் செங்கல்லால் கட்டிய அக்கூடம் மெதடிஸ்டு ஒழுங்கோடு, வருவாரை வரவேற்காத தோற்றத்தோடு நின்றதாம். கதவைத் தட்டத் துணியாமல் திரும்பினார். கைவிடப்பட்ட வண்டியிலும், விறகுக் குவியலிலும், வைக்கோற் போரிலும் இரவுகளைக் கழித்தார். தம் பையிலிருந்த சில வரைபடங்களைக் கொடுத்து ரொட்டித் துண்டுகளைப் பெற்றார். அந்த ஆழ்ந்த வறுமையிலேதான் தம் ஊக்கம் மீண்டும் எழுந்ததாகவும், கைவிட்ட எழுதுகோலை மீண்டும் எடுப்பதெனத் துணிந்ததாகவும் கூறுகிறார்.

அதற்கு அவர் தரும் காரணம் யாது? சுரங்கத் தொழிலாளரும் நெசவாளரும் ஏனைய தொழிலாளரினின்று வேறுபட்ட ஓரினத்தார். அவர்கள்பால் தமக்கு ஆழ்ந்த பரிவு உண்டு. பிறர் அறியாத, அல்லது மிகக் குறைவாகவே அறிந்த அம்மக்களை ஒருநாள் உலகின் கண்முன் நிறுத்துமாறு வரையக் கூடுமாயின் தாம் பேறுபெற்றவர் என்று எழுதுகிறார். கலைத் தெரிவுக்குரிய காரணத்தை இத்துணை எளிமையாகக் கூறிய கலைஞர் அரியர். கூறவேண்டிய ஒன்று தம் உள்ளத்தில் உள்ளது என்று அவர் சொல்லவில்லை. காட்டப்படவேண்டியவர்கள் வெளியே இருக்கிறார்கள் என்கிறார்.

தமிழில் கடன் என்னும் சொல் இரு பொருள் தரும். திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன்; செய்தேயாகவேண்டிய கடமையும் கடன். வின்சென்டின் தெரிவை விளக்க இதனினும் ஏற்ற சொல் இல்லை. சுரங்கத்தின் அடியில் அவர் ஒன்றைக் கண்டார், கண்டதனாலேயே கடன்பட்டார். அக்கடனை நாவினால் தீர்க்க முயன்றார், இயலவில்லை. கையினால் தீர்க்கத் துணிந்தார். கிரேக்கருக்கும் அந்நியருக்கும் தான் கடனாளி என்று பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கு எழுதும்போது (ரோமர் 1:14) குறிப்பது இத்தகைய கடனே. கண்டவற்றையும் கேட்டவற்றையும் பேசாதிருக்கத் தங்களால் இயலாது என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் பேதுருவும் யோவானும் நின்றதும் (அப்போஸ்தலர் 4:20) இக்கடனை உணர்ந்தமையாலேயே.

5. மூன்று விடைகளின் குறைபாடு

இனி முற்கூறிய மூன்று விடைகளையும் சீர்தூக்குவோம்.

உள்ளத்துக் கனல் என்னும் விடை 1880ஆம் ஆண்டு நிகழ்வுகளோடு பொருந்தாது. கனல் உடையவர் உடனே ஓவியம் தீட்டத் தொடங்கியிருக்க வேண்டும். வின்சென்டோ பயிற்சிப் படங்களைக் கடனாக வாங்கி, பள்ளிச் சிறுவனைப்போல் தாள் தாளாகப் பார்த்து வரைந்தார். உழவர் வாழ்வைத் தீட்டிய மில்லேயின் படங்களைப் பன்முறை படியெடுத்தார். அப்பொழுது அவருக்கு வயது 27. தொடக்க கால வரைபடங்களில் உருவங்கள் விறைத்து நிற்கின்றன; கைகால்களின் அளவு பொருந்தவில்லை. இயல்பான திறமை பொங்கி வழிந்ததாக எவரும் கூற முடியாது. பனியில் சுரங்கத்துக்குச் செல்லும் தொழிலாளரைக் காட்டும் அவ்வாண்டு வரைபடத்தில் கைத்திறன் குறைவு. ஆயினும் குனிந்த அந்த வரிசையை அவர் கண்டிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. திறமை தெரிவுக்குக் காரணமாகவில்லை. தெரிவே திறமையைத் தேடிச் சென்றது.

தோல்வியின் புகலிடம் என்னும் விடை மேலும் வலுவற்றது. தோற்றவர் எளிதான வழியை நாடுவார். தச்சும் கணக்கும் அடுமனையும் அவர்முன் வைக்கப்பட்டன; ஒவ்வொன்றும் ஓவியத்தைவிட விரைவில் உணவளிக்கும். ஊதியத்துக்கு எவ்வித உறுதியும் இல்லாத ஒன்றையே அவர் தெரிந்துகொண்டார். பிற்காலத்தில் அவர் பெற்ற புகழைக் கொண்டு இத்தெரிவை நியாயப்படுத்துவதும் தகாது. 1880இல் அப்புகழை எவரும் கண்டதில்லை. அவர் உயிரோடிருந்தவரை அது மிகச் சிறிய அளவிலேயே வந்தது. 1890 தொடக்கத்தில் பிரசல்சு கண்காட்சியில் வைக்கப்பட்ட அவரது செந்நிறத் திராட்சைத் தோட்டம் 400 பிராங்குக்கு விலைபோயிற்று. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

சமயத்துக்கு மாற்று என்னும் மூன்றாம் விடையில் ஓரளவு உண்மை உண்டு, அதனை மறைத்தலாகாது. 1881 கிறிஸ்துமசு நாளில் ஆலயத்துக்குச் செல்ல மறுத்துத் தந்தையோடு பூசலிட்டு வீட்டைவிட்டு வெளியேறினார். பின்னர் எச்சபையிலும் அவர் நிலைத்திருந்ததாகத் தெரியவில்லை. நாம் அவரை மறைமுகக் கிறிஸ்தவப் பிரசங்கியாக மாற்றி, நம் உடைமையாக்கிக்கொள்ள முயல்வது பொய்ச்சான்றாகும். ஆயினும் மாற்று என்னும் சொல் பொருந்துமா? 1888 செப்டம்பரில் தியோவுக்கு எழுதும்போது, சமயம் என்று சொல்லத் தாம் தயங்கும் ஒன்றன் தேவை தம்மை வருத்துவதாகவும், அப்பொழுது இரவில் வெளியே சென்று விண்மீன்களைத் தீட்டுவதாகவும் கூறுகிறார். மாற்று கிடைத்தவர் பழையதன் தேவையை உணர்வதில்லை. அவருக்கோ கலை அத்தேவையைத் தணிக்கவில்லை, விழித்திருக்கவே செய்தது.

6. ஓவியங்கள் தரும் சான்று

கடிதங்களில் ஒருவர் தம்மைப்பற்றிக் கூறுவதை அப்படியே ஏற்பது முறையன்று. படைப்புகளைக் கொண்டே அதனைச் சோதிக்கவேண்டும்.

1885இல் நூனென் என்னும் ஊரில் தீட்டிய உருளைக்கிழங்கு உண்போர் என்னும் ஓவியத்தை முதற்கண் நோக்குவோம். தொங்கும் ஒரு விளக்கின்கீழ் ஐவர் அமர்ந்து ஒரே தட்டிலிருந்து கிழங்கை எடுத்து உண்கின்றனர். ஒருத்தி காப்பி ஊற்றுகிறாள். முகங்கள் அழகுபடுத்தப்படவில்லை, வண்ணம் தோலுரிக்காத கிழங்கின் மண்நிறத்தை ஒத்தது. தட்டில் நீளும் அதே கைகளே நிலத்தைத் தோண்டின என்பதைத் தாம் காட்ட விரும்பியதாக அவர் எழுதினார். இவ்வோவியத்தில் திருவிருந்தின் சாயலைக் கண்டோர் உளர். ஓவியர் அங்ஙனம் எக்குறியும் இடவில்லை. நேர்மையாக உழைத்துப் பெற்ற உணவைப் பகிர்ந்துண்ணும் ஏழைகளை உற்று நோக்கினார். திருவிருந்தை அறிந்தோர்க்கு அதன் நினைவு தானே எழுகிறது. சுரங்கத்துக் கரியறைகளில் அவர் கண்ட சிறு விளக்கு ஆறாண்டுகளுக்குப்பின் இக்குடிசையில் தொங்குகிறது எனவும் கொள்ளலாம்.

அவ்வாண்டு மார்ச்சில் தந்தையார் காலமானார். அக்டோபரில் வின்சென்ட் ஒரு பெரிய வேதாகமத்தைத் தீட்டினார். அது ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் திறந்திருக்கிறது. அருகே அணைந்த மெழுகுதிரி. முன்னே பிரெஞ்சு ஆசிரியர் சோலாவின் மலிவுப் பதிப்பு நாவல் ஒன்று. பழைய மறை அணைந்தது, புதிய இலக்கியம் வந்தது என்று இதனை விளக்குவோர் பலர். திறந்த அதிகாரத்தை அவர்கள் கருதுவதில்லை. துக்கம் நிறைந்தவராய், அழகற்றவராய், எண்ணப்படாதவராய் வரும் தாசனைக் கூறும் அதிகாரம் அது. சோலா எழுதியதும் எண்ணப்படாத மக்களின் துயரையே. இரு நூல்களும் ஒன்றையொன்று மறுக்கவேண்டும் என்பதில்லை; ஒரே முகத்தை நோக்கி நிற்கின்றன எனக் கொள்ளவும் இடமுண்டு.

மூன்றாவது சான்று அவர் தீட்டாது விட்டவற்றில் உள்ளது. 1888இல் ஆர்ல் நகரில் கெத்செமனே தோட்டத்துக் கிறிஸ்துவை இருமுறை தீட்ட முயன்றார். இருமுறையும் வண்ணத்தைச் சுரண்டி அழித்தார். நேரில் காணாத உருவைத் தீட்டத் தம்மால் இயலாது என்பதே அவர் கூறிய காரணம். நண்பர்களாகிய பெர்னாரும் கோகானும் கற்பனையால் அக்காட்சியைத் தீட்டியபோது அவர் அதனை ஏற்கவில்லை. ஒலிவ மரங்களை உண்மையாகத் தீட்டினாலே அவ்வேதனையை உணர்த்தலாம் என்றார். 1890இல் சேன்ரெமி மருத்துவமனையில் இருந்தபோது ரெம்பிராண்டின் செதுக்கோவியத்தைத் தழுவி லாசரு உயிர்த்தெழுவதைத் தீட்டினார். ரெம்பிராண்டின் படத்தில் கைதூக்கி நிற்கும் கிறிஸ்து இவர் ஓவியத்தில் இல்லை. அவ்விடத்தில் கதிரவன் எரிகிறது. இது நம்பிக்கையா, நம்பிக்கையின்மையா என்று வழக்காடுவோர் ஒன்றை மறக்கின்றனர். கண்டதை மட்டுமே தீட்டுவது என்னும் ஒழுக்கத்தை அவர் கிறிஸ்துவின் பொருட்டும் மீறவில்லை. கண்டதையும் கைகளினால் தொட்டதையும் அறிவிப்பதே சாட்சி என்று யோவான் முதல் நிருபத்தின் தொடக்கம் கூறுவதை எண்ணும்போது, இவ்வொழுக்கத்தை இகழ நமக்குத் துணிவு வருவதில்லை.

பயன் என்னும் பழைய கேள்வியும் இறுதிவரை அவரைவிட்டு நீங்கவில்லை. 1882இல் ஏழைத் தொழிலாளர் வாங்கத்தக்க மலிவான அச்சுப் படங்களை வெளியிட அவர் திட்டமிட்டார். 1889இல் தொட்டிலாட்டும் தாயைத் தீட்டியபோது, கடலில் தனித்துத் தவிக்கும் மீனவர் தம் படகறையில் அதனைக் கண்டு தாலாட்டை நினைந்து ஆறுதலடைய வேண்டும் என்று விழைந்தார். வைக்கோற் படுக்கையிலிருந்து எழுந்து காயமுற்றோரைப் பேணச் சென்ற பணியாளரே இங்கும் நம் முன் நிற்கிறார். கருவி மட்டும் வேறு.

7. பெசலெயேலும் பொருள் கொணர்ந்த மக்களும்

திருமறையில் கலைத்தொழிலுக்கென்று அழைக்கப்பட்டவருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவன் பெசலெயேல். யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அவனைப் பெயர்சொல்லி அழைக்கிறார். தேவ ஆவியினால் நிரப்புகிறார். ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று அங்கே கூறப்படுபவன் ஆசாரியனல்லன். பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்பவன். எல்லாத் தொழிலும் அழைப்பே என்று லூத்தர் 16ஆம் நூற்றாண்டில் வற்புறுத்தியதற்கு இதனினும் தெளிவான அடிப்படை வேண்டுவதில்லை.

ஆனால் இவ்வரலாற்றில் நாம் பெரிதும் கவனிக்காத இரு செய்திகள் உள. ஒன்று, பெசலெயேலின் அழைப்பை மோசே சபையார் அனைவருக்கும் அறிவிக்கிறான் (35:30). அழைப்பு தனிமனித உள்ளத்தின் இரகசியமாக நின்றுவிடவில்லை. சபை அதனை அறிந்து ஏற்கிறது. மற்றொன்று, மக்கள் காலைதோறும் பொருள் கொணர்கின்றனர். போதும், இனிக் கொண்டுவரவேண்டாம் என்று தடுக்கும் அளவுக்குக் கொணர்கின்றனர் (36:3–7). கலைஞனின் அழைப்பும் சபையின் கொடையும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள்.

வின்சென்டின் வாழ்வில் இரண்டாம் பக்கம் வெறுமையாய் இருந்தது. பெயர்சொல்லி அழைத்த குரலை அவர் கேட்டார் எனலாம். அதனை அறிவிக்க மோசே இல்லை. பொருள் கொணரச் சபையும் இல்லை. ஒரே ஒரு மனிதர் கொணர்ந்தார். அவர் தம்பி தியோ. பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் பணம் அனுப்பினார். வண்ணமும் துணியும் அனுப்பினார். அதனை இரந்துண்ணும் உணவாகக் கருத வின்சென்டின் மனம் ஒப்பவில்லை. தாம் தீட்டுவனவெல்லாம் தியோவின் உடைமை, தியோ தருவது தம் உழைப்புக்குரிய ஊதியம் என்று கொள்ளுமாறு 1884இல் வேண்டினார். ஆயினும் தம்பிக்குச் சுமையாயினோம் என்னும் எண்ணம் அவர் கடிதங்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. 1890 சூலை 29இல் வின்சென்ட் மறைந்தார். ஆறு திங்களுக்குள் தியோவும் மறைந்தார். பத்தாண்டு உழைப்பில் விளைந்த ஏறத்தாழ 850 எண்ணெய் வண்ண ஓவியங்களையும், 1,000க்கும் மேற்பட்ட வரைபடங்கள், நீர்வண்ணப் படங்கள் ஆகியவற்றையும், நூற்றுக்கணக்கான கடிதங்களையும் உலகுக்குக் கொணரும் பணி தியோவின் மனைவியார்மீது வீழ்ந்தது. தியோவுக்கு எழுதப்பட்ட கடிதங்களை அவர் 1914இல் பதிப்பித்தார். ஒரு சபை செய்திருக்கவேண்டிய பணியை ஒரு குடும்பம் செய்தது.

கலைஞனின் வறுமையைப் புகழும் வழக்கம் நம்மிடையே உண்டு. துன்பமே கலையை விளைவிக்கும் என்போம். வின்சென்டின் நோயும் வறுமையும் அவர் ஓவியங்களுக்குக் காரணமல்ல. நோயுற்ற நாட்களில் அவர் பெரும்பாலும் வேலைசெய்ய இயலாதவராகவே இருந்தார். வறுமையைப் புகழ்வது பெரும்பாலும் கொடுக்க விரும்பாதவர் கூறும் சமாதானமே.

8. முடிவுரை

கலையை ஒருவர் ஏன் தெரிந்துகொள்கிறார் என்னும் வினாவுக்கு எல்லார்க்கும் பொதுவான விடை உண்டு என்று நாம் வாதிடவில்லை. புகழ் நாடிச் செல்வோரும் உளர். உழைப்புக்கு அஞ்சிச் செல்வோரும் இருக்கலாம். ஆயினும் வான்கோவின் வரலாறு ஓர் அளவுகோலை நமக்கு அளிக்கிறது. கலைத்துறையை நாடிவரும் இளைஞனிடம் உனக்குத் திறமை உண்டா, இதனால் பிழைக்க முடியுமா என்று மட்டும் கேளாது, நீ எதைக் கண்டாய், யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்றும் கேட்கவேண்டும். அவ்வினாவுக்கு விடையுடையவனை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. விடையற்றவனுக்கு அவ்வினாவே நல்ல ஆசிரியனாகும்.

சுவிசேட கவிராயர் எனப் போற்றப்பெற்ற தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களை இன்றும் நம் ஆலயங்களில் பாடுகிறோம். அவர்க்குப்பின் வந்த தலைமுறைகளில் எத்தனை பேரை நாம் பெயர்சொல்லி அழைத்தோம்? எத்தனை பேர்க்குக் காலைதோறும் பொருள் கொணர்ந்தோம்? ஊழியத்துக்கு வருவோரைத் தெரிந்தெடுக்கும் நம் குழுக்கள் பேச்சாற்றலையும் தேர்வு மதிப்பெண்களையும் அளக்கின்றன. அவை வேண்டியவையே. ஆனால் அவ்வளவில் நின்றுவிடுமாயின், 1879ஆம் ஆண்டுப் பெல்சிய அறிக்கையை நாம் வேறு மொழியில் மீண்டும் எழுதுகின்றவர்களாவோம்.

ஓவேரில் அவர் இறுதியாகத் தீட்டியவற்றுள் ஒன்று அவ்வூர் ஆலயம். அதில் கதவு இல்லை என்பதைக் காட்டி, சபை அவரை வெளியே அடைத்துவிட்டது என்பதற்கு அதனையே அடையாளமாக்குவோர் உளர். உண்மையில் அவர் ஆலயத்தின் பின்புறத்தைத் தீட்டினார். அப்பக்கத்திலிருந்து வாயில் தோன்றாது. குறியீடு தேடி ஓவியரின்மேல் ஏற்றவேண்டுவதில்லை. ஆயினும் ஆலயத்தின் பின்புறத்தில் நின்று நோக்குவோர்க்கு வாயில் எங்கே என்று காட்டும் கடமை உள்ளே இருப்பவர்களுடையது. அதுவும் ஒரு கடனே.